வாட்டுக்குப் போகும் தாதிய மாணவருக்குத் தொற்றுக் கட்டுப்பாடு: கையிலிருந்து குப்பைத் தொட்டி வரை

ஒரு கட்டிலில் இருக்கும் கிருமி அடுத்த கட்டிலுக்குத் தானாக நடந்து போவதில்லை. பெரும்பாலும் நம்முடைய கையில் ஏறித்தான் போகிறது. பாடப்புத்தகத்தில் பல அத்தியாயங்களாக விரியும் தொற்றுக் கட்டுப்பாடு, வேலை நேரத்தில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும்: இந்தக் கை சற்று முன் எதைத் தொட்டது, அடுத்து எதைத் தொடப்போகிறது? வாட்டில் நடக்கும் பிழைகளில் அநேகம் விசயம் தெரியாமல் வருபவை அல்ல, வரிசை மாறுவதால் வருபவை. கையுறை போட்டது சரி. போட்ட கையோடு நோயாளரின் கட்டில் பதிவேட்டை (பி.எச்.ரி.) புரட்டியது பிழை. குளோரின் ஊற்றியது சரி. இரத்தத்தைத் துடைக்காமல் ஊற்றியது பிழை. அதனால் இங்கே எதைச் செய்வது என்பதோடு எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பக்கத்து வைத்தியசாலைகளில் பயிற்சிக்கு வருபவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. புத்தகத்துப் படத்தில் கட்டில்கள் தள்ளித் தள்ளி இருக்கும், கைகழுவும் தொட்டி பக்கத்திலேயே இருக்கும். மாரி காலத்தில் காய்ச்சல் நோயாளர் நிறைந்த மருத்துவ வாட்டில் அந்தப் படத்தை எதிர்பார்க்க வேண்டாம். இடம் நெருங்க நெருங்க, தொட்டி தூரமாகத் தூரமாக, வரிசையைக் கடைப்பிடிப்பதன் தேவை கூடுமே தவிரக் குறையாது.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

நகம் அரை சென்டிமீற்றரைத் தாண்டக் கூடாது. செயற்கை நகமும் நகப்பூச்சும் வேண்டாம். பூச்சு உரிந்த விளிம்பில் அழுக்கு தங்கும். மருதோன்றி தோலோடு ஊறிய நிறம், அதனால் தடையில்லை. மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாம் வீட்டில். கோயிலில் கட்டிய நூலை அகற்ற மனமில்லாவிட்டால் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து மேற்கையில் கட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு நூல் ஒருமுறை நனைந்தால் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரத்தோடுதான் அடுத்த நோயாளரின் புண்ணுக்கு மேலே கை போகும். நீண்ட கை வைத்த உடை அணியும் மாணவிகள், நோயாளரைத் தொடும் வேலையின் போதும் கை கழுவும் போதும் கையை முழங்கை வரை மடித்து, நழுவாதபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். பாவித்துவிட்டு வீசும் மேலுறை கிடைத்தால் அதுவும் ஆகும்.

ஈரலழற்சி பி தடுப்பூசி மூன்று தடவை: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அது முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைச் சோதியுங்கள். மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகு (mIU/mL) அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பாதுகாப்பு உண்டு என்று கொள்ளலாம். கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ்), சின்னமுத்து (மீசல்ஸ்) இரண்டும் உங்களுக்கு வந்திருக்கிறதா, ஊசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த நோயாளர் வாட்டுக்கு வரும் நாளில் யாரை உள்ளே அனுப்புவது என்று சிஸ்டர் கேட்கும்போது அது தேவைப்படும்.

கை

1847இல் வியன்னா மகப்பேற்று வாட்டில் தாய்மார் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்ததற்கான காரணத்தை இக்னாஸ் செம்மல்வைஸ் தேடியபோது அது மாணவர்களின் கையில் இருந்தது. பிரேத அறையில் வேலை செய்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும், ஏப்ரலில் 18% அளவில் இருந்த இறப்பு சில மாதங்களில் 2% அளவுக்கு இறங்கியது. மாணவர் கையைப் பற்றி வாட்டில் இன்றும் கண்டிப்பாகப் பேசுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு.

உலக சுகாதார ஸ்தாபனம் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைக் குறிக்கிறது. நோயாளரைத் தொடும் முன். ஊசி, மருந்து கட்டுதல் போன்ற சுத்தமான வேலைக்கு முன். இரத்தம், சிறுநீர் போன்ற உடல் திரவம் பட்ட பின். நோயாளரைத் தொட்ட பின். நோயாளரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, சேலைன் கம்பி ஆகியவற்றைத் தொட்ட பின். ஐந்தாவதுதான் எல்லோருக்கும் தவறும். சேலைன் சொட்டைச் சரிசெய்துவிட்டு, "நான் ஆளைத் தொடவில்லையே" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அந்தச் சொட்டுச் சில்லை அன்றைக்கு எத்தனை கை தொட்டிருக்கும் என்று யோசித்தால் போதும்.

கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஹேண்ட் ரப் போதும், 20 முதல் 30 விநாடி. உள்ளங்கைக் குழி நிறைய எடுங்கள். 20 விநாடிக்கு முன்பே கை காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை. அழுக்கோ இரத்தமோ தெரிந்தால், அல்லது நோயாளருக்கு வயிற்றோட்டம் இருந்தால், சவர்க்காரமும் ஓடும் நீரும். மொத்தம் 40 முதல் 60 விநாடி. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை ஸ்பிரிட் கொல்லாது. அவை தேய்த்துக் கழுவுவதால்தான் போகும்.

தேய்க்கும் வரிசை இது:

1. உள்ளங்கையோடு உள்ளங்கை.
2. வலது உள்ளங்கை இடது புறங்கையின் மேல், விரல்கள் கோத்து, பிறகு மாற்றி.
3. உள்ளங்கைகள் சேர்ந்து, விரல்கள் கோத்து, இடுக்குகள்.
4. விரல்களை மடித்துக் கொக்கி போட்டு, விரல் முதுகை எதிர் உள்ளங்கையில்.
5. பெருவிரலை மறு கையால் பிடித்துச் சுழற்றி, இரண்டும்.
6. விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வட்டமாக, இரண்டும்.

ஐந்தும் ஆறும் அவசரத்தில் விடுபடும். ஆனால் நாடி பிடிப்பதும், கனுலா (இரத்த நாளத்துக்குள் விடும் சிறு குழாய்) போட நரம்பைத் தடவிப் பார்ப்பதும், மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் பெருவிரலும் நுனிகளும்தான். நேரம் குறைவு என்றால் முதல் மூன்றைச் சுருக்குங்கள், கடைசி இரண்டைச் சுருக்காதீர்கள்.

கழுவிய கையால் குழாயைத் திருகினால் கழுவாத கைதான் மிச்சம். முழங்கையால் அல்லது துடைத்த கடதாசியால் மூடுங்கள். ஆணியில் தொங்கும் பொதுத் துவாயை மறந்துவிடுங்கள். திரவச் சவர்க்காரப் போத்தல் பாதியாகும்போது அதன் மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது. அடியில் தங்கிய பழைய கரைசலில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளரும். காலியாக்கி, கழுவி, காய வைத்து நிரப்ப வேண்டும். கட்டிச் சவர்க்காரம் என்றால் நீர் வடியும் தட்டில் இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளிக்குள் கையை முக்குவது கழுவுதல் ஆகாது; குழாய் பொருத்திய வாளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் ஊற்ற மற்றவர் கழுவுங்கள்.

கையோடு சேர்ந்தவை இரண்டு: பேனாவும் கைத்தொலைபேசியும். கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் அதில் இருப்பது திரும்பவும் கைக்கு வரும். வாட்டில் அதைப் பையிலேயே வையுங்கள். வெளியே எடுக்க நேர்ந்தால் 70% ஸ்பிரிட் துணியால் துடையுங்கள்.

கையுறை: எப்போது போடுவது, எப்போது கழற்றுவது

புதியவர்கள் கையுறையை அதிகம் நம்புகிறார்கள். அது உங்களை இரத்தத்திலிருந்து காக்கும். நோயாளரை உங்களிடமிருந்து காக்க வேண்டுமானால் ஒரு வேலைக்கு ஒரு சோடி என்று மாற்ற வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்க, சோறு ஊட்ட, கட்டிலிலிருந்து எழுப்பிவிடக் கையுறை வேண்டியதில்லை. இரத்தம், சிறுநீர், மலம், சளி, புண் ஆகியவற்றில் கை படும் வேலைக்கு வேண்டும். ஒரே நோயாளரிடமும் அழுக்கு வேலை முடித்துச் சுத்த வேலைக்குப் போகும்போது மாற்றுங்கள். கையுறை மேல் ஹேண்ட் ரப் தேய்ப்பதும், கழுவித் திரும்பப் பாவிப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். கழற்றிய பின் கை சுத்தம் கட்டாயம், ஏனென்றால் கழற்றும்போதே மணிக்கட்டில் பட்டுவிடும். ஹேண்ட் ரப் ஈரம் காயும் முன் போட்டால் தோல் எரிந்து வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி இன்னும் இலகுவாகக் குடியேறும்.

முழுக் கவசம் தேவைப்படும்போது போடும் வரிசை: கை சுத்தம், கவுண், முகக்கவசம், கண்ணாடி, கடைசியில் கையுறை கவுண் கையின் மேல் வருமாறு. கழற்றுவதுதான் ஆபத்தான பகுதி. அதிகம் அழுக்கானது முதலில், மூச்சைக் காப்பது கடைசியில்: கையுறை, கை சுத்தம், கவுணை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, கை சுத்தம், கண்ணாடியைப் பின்பட்டியால் பிடித்து, கை சுத்தம், அறையை விட்டு வெளியே வந்து முகக்கவசம், திரும்பவும் கை சுத்தம். முகக்கவசக் கயிற்றில் கீழ் முடிச்சை முதலில் அவிழுங்கள். மேல் முடிச்சை முதலில் அவிழ்த்தால் முன்பக்கம் கழுத்தில் விழும்.

கனுலாவும் குப்பி மருந்தும்

தோலை 70% ஸ்பிரிட்டால், அல்லது 2% குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்து, தானாகக் காயும் வரை 30 விநாடி விடுங்கள். கொல்லும் வேலை அந்த 30 விநாடியில்தான் நடக்கிறது. வாயால் ஊதிக் காய வைப்பதையும், துடைத்த பிறகு நரம்பு எங்கே என்று திரும்ப விரல் வைத்துப் பார்ப்பதையும் கிட்டத்தட்ட ஒவ்வொரு குழுவிலும் காணலாம். இரண்டும் துடைத்ததை இல்லாமல் ஆக்கிவிடும். தடவிப் பார்ப்பதை முன்பே முடித்துவிடுங்கள்.

போட்ட திகதியும் நேரமும் பிளாஸ்டரில் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைமுறை (ஷிஃப்ட்) மாற்றத்திலும் பாருங்கள்: சிவப்பு, வீக்கம், நோவு, நரம்பு கயிறு மாதிரித் தட்டுப்படுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது வெளியே வர வேண்டும். அவசரத்தில், சுத்தம் பாராமல் போட்டது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். "நாளைக்கும் தேவைப்படலாம்" என்று வெறுமனே விட்டுவைத்த கனுலா கிருமிக்குத் திறந்து வைத்த வாசல். மருந்து ஏற்றும் முன் மூடித்துவாரத்தை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி உரசித் தேய்த்துக் காய விடுங்கள்.

பல முறை எடுக்கும் குப்பிகளில், இன்சுலின் உட்பட, ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்ச். ஊசியை மட்டும் மாற்றிச் சிரிஞ்சை வைத்துக்கொள்வது போதாது. இரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் வரும். குப்பி மூடியில் ஒரு ஊசியைக் குத்தி நிரந்தரமாக விட்டுவைப்பதை எங்கே கண்டாலும் கழற்றிவிடுங்கள். திறந்த திகதியை எழுதுங்கள். தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் 28 நாளோடு வீச வேண்டும். ஒரு சேலைன் போத்தலை வைத்து வாட்டு முழுவதற்கும் ஃபிளஷ் (கனுலாவை அலசும் நீர்) எடுக்கும் பழக்கம் ஒரு நோயாளரின் கிருமியை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

சிறுநீர்க் கதீட்டருக்குச் சுருக்கமாக: பை சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரைக்கு மேலே. குழாய் இணைப்பைக் கழற்றாதீர்கள். சிறுநீரை ஊற்றும் பாத்திரம் ஒவ்வொருவருக்கும் தனி. தினமும் வாட்டு ரவுண்டில் "இது இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். மாணவர் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

குளோரின் கணக்கு

வாளிக்குள் கண்மட்டத்தில் தூள் போடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். கூடினால் தரையும் இரும்பும் அரித்துத் தொண்டை எரியும், குறைந்தால் ஒன்றும் சாகாது. கணக்கு எளிது: தேவையான வீதத்தை லேபலில் உள்ள வீதத்தால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் என்று வரும். ரி.சி.எல். எனும் வெளிற்றும் தூளில் 35% குளோரின் என்று இருந்தால், இரத்தம் சிந்திய இடத்துக்கான 0.5% கரைசலுக்கு லீற்றருக்கு 14 கிராம் சொச்சம். 5 லீற்றர் வாளிக்கு சுமார் 71 கிராம். தொடும் மேற்பரப்புகளுக்கான 0.1% கரைசலுக்கு லீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 5% திரவம் என்றால் ஒரு பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் 0.5%, 49 பங்கு சேர்த்தால் 0.1%.

தினமும் புதிதாகக் கலக்குங்கள். இங்குள்ள வெயிலில் திறந்து வைத்த தூளும் கரைசலும் வேகமாகச் சக்தி இழக்கும். மூடிய பாத்திரத்தில், நிழலில் வையுங்கள். மலசலகூட அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். சிறுநீர் சிந்திய இடத்தில் நேரே குளோரின் ஊற்றுவதும் ஆகாது. முதலில் உறிஞ்சித் துடையுங்கள்.

இரத்தம் சிந்தினால்: ஆட்களை விலக்கிக் கையுறை, ஏப்ரன் போடுங்கள். கண்ணாடித் துண்டு இருந்தால் ஃபோர்செப்ஸால் எடுத்துக் கூர்ப்பொருள் பெட்டியில் போடுங்கள், கையால் தொடாதீர்கள். கடதாசி அல்லது பழந்துணியால் இரத்தத்தை உறிஞ்சி மஞ்சள் பையில் போட்டு, அதன் பிறகே 0.5% கரைசலை ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பின் துடைத்து வெறும் நீரால் கழுவுங்கள். உறிஞ்சாமல் ஊற்றுவது மீனைச் செதில் போக்காமல் தூள் பிரட்டுவது போலத்தான். குளோரின் இரத்தத்தோடு சண்டை பிடித்து அங்கேயே தீர்ந்துவிடும், அடியில் உள்ள கிருமிக்கு எட்டாது.

எந்தத் தொட்டி

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. தமிழில் தாதியப் பாடக் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே சிவப்புப் பை அழுக்கான பிளாஸ்டிக்குக்கு, நீலம் கண்ணாடிக்கு, வெள்ளை ஊசிக்கு. இலங்கையில் அப்படியில்லை. மஞ்சள் தொற்றுக் கழிவுக்கு, சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி கூர்ப்பொருளுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, நீலம் கடதாசிக்கு, பச்சை சாப்பாட்டுக் கழிவுக்கு, கறுப்பு பொதுக் குப்பைக்கு. காணொளி பார்த்துப் படித்தவர் இரத்தம் தோய்ந்த குழாயைச் சிவப்பில் போட்டால், அது கண்ணாடியைப் பிரித்தெடுக்கும் சிற்றூழியரின் கையில் போய்ச் சேரும். சந்தேகம் வந்தால் உங்கள் வாட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

கூர்ப்பொருள் பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடி மாற்ற வேண்டும். அமுக்கி இடம் எடுப்பவருக்குத்தான் ஊசி குத்தும்.

காற்றும் நுளம்பும்

காசநோய், சின்னமுத்து, கொப்புளிப்பான் மூன்றும் காற்றோடு பரவும். நோயாளருக்குச் சாதாரண முகக்கவசம், உங்களுக்கு என்95. போட்டதும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். மூக்கோரம் காற்றுக் கசிந்தால் கம்பியை அழுத்துங்கள். தாடி இருந்தால் என்95 ஒட்டாது. சின்னமுத்து நோயாளர் போய்விட்ட அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணித்தியாலம் வரை இருக்கலாம். அதனால் கட்டில் காலியாகிவிட்டது என்று உடனே அடுத்தவரை விடக் கூடாது.

தனியறை இல்லாத வாட்டில் யன்னல்தான் துணை. மாரியில் சாரலுக்கும், கச்சான் வீசும் மாதங்களில் புழுதிக்கும் பயந்து எல்லா யன்னலையும் சாத்திவிடுவார்கள். எதிரெதிர் யன்னல் இரண்டையாவது திறந்து வையுங்கள். இருமும் நோயாளரைக் காற்று வெளியேறும் பக்கத்துக் கடைசிக் கட்டிலில் விடுங்கள். மின்விசிறி அவர் மூச்சை அடுத்த கட்டிலுக்குத் தள்ளுகிறதா என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

டெங்கு ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது, முகக்கவசம் தேவையில்லை. ஆனால் 2017இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்கு நினைவிருக்கும். காய்ச்சலில் இருப்பவரை வாட்டு நுளம்பு கடித்தால் அடுத்த கட்டில்காரருக்கும் உங்களுக்கும் வரும். இந்த நுளம்பு பகலில் கடிப்பது, எனவே வலையும் பகலில் வேண்டும். தண்ணீர் தேங்கும் இடங்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது தட்டிக் கொட்டுங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடி, பாவிக்காத மலசலகூடத் தொட்டி, முற்றத்துச் சிரட்டை. வயலில் வேலை செய்பவருக்கு வரும் எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் மண்ணிலும் நீரிலும் இருந்து வருபவை. அவர்களை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வழமையான கவனம் போதும்.

ஊசி குத்திவிட்டால்

பாவித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள். குத்துகள் பல அப்போதுதான் நடக்கின்றன. பெட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய், பாவித்தவரே உடனே போட வேண்டும். அப்படியும் குத்திவிட்டால் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ குளோரினோ ஊற்றாதீர்கள். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் நீராலோ சேலைனாலோ நன்றாக அலசுங்கள். பிறகு யாருடைய ஊசி என்று குறித்துக்கொண்டு, அந்த வேலைமுறை முடியும் வரை காத்திராமல் வாட்டு சிஸ்டரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடமும் சொல்லுங்கள்.

தடுப்பூசி போடாதவருக்கு ஈரலழற்சி பி தொற்றும் வாய்ப்பு 30% வரை போகும், எச்.ஐ.வி. சுமார் 0.3%. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று வைத்தியர் முடிவெடுத்தால் முதல் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது. 72 மணித்தியாலம் கடந்தால் பயனில்லை என்றே கொள்ளுங்கள். மருந்து 28 நாள். அன்றே உங்கள் இரத்தமும் எடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் முடிவை எதனோடும் ஒப்பிட முடியாது. வைத்தியர் குறித்துத் தரும் நாட்களில் திரும்பச் சோதிக்க வேண்டும். பயிற்சி அதற்குள் வேறு வைத்தியசாலைக்கு மாறினாலும் சம்பவப் பதிவின் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். "நீ மாணவிதானே, பதிய வேண்டாம்" என்று யாராவது சொன்னால், பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி நேரத்தோடு எழுதி, கையொப்பம் பெற்ற பிறகே வாட்டை விட்டு வெளியேறுங்கள்.